மூலையில் கிடக்கும் மிஷினும் அடுத்து வாங்கப் போகும் மிஷினும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசிய நடையிலேயே எழுதப்பட்டுள்ளது.)

கணக்கு வாசிக்கச் சொன்னால் நான் கடகடவென்று வாசித்துவிடுவேன். பேசச் சொன்னால்தான் தொண்டை காய்ந்துபோகும். போன வாரம் நம்ம தலைவி அக்கா வீட்டுக்கே வந்துட்டாங்க. "மிஷின் பத்தி நீதான் பேசணும். மத்தவங்க எல்லாம் அதைப் பாத்திருக்கோம், உன்னைத்தான் அது கடிச்சிருக்கு" என்றார்கள். கடித்தது உண்மைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் அலுவலகத்துக்கு வருகிற எல்லாருக்கும் அந்த மூலை தெரியும். பீரோவுக்குப் பக்கத்தில், சாக்குப் போட்டு மூடி, அதன் மேல் பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருக்கிறோமே, அதுதான் நம் முதல் மரம் அறுக்கும் மிஷின். 58 சிசி, 22 இஞ்ச் பார். கடன் போட்டு வாங்கினோம். கடன் அடைந்துவிட்டது. மிஷின் ஓடிய நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது மறுபடியும் வாடகைக்கு விட மிஷின் வாங்கலாம் என்று தீர்மானம் போடப் போகிறோம். அதற்கு முன்னால் அந்த முதல் மிஷின் ஏன் மூலைக்குப் போனது என்று பேசிவிடுவது நல்லது. யாரையும் குறை சொல்ல இல்லை. வாங்கப் போன நாலு பேரில் நானும் ஒருத்தி.

அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? கடைக்குப் போனோம். கடைக்காரர், "எவ்வளவு பெரிய மரம் அறுக்கணும்மா?" என்றார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எல்லா மரமும்தான்" என்றோம். அவரும் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். அதில் ஒரு ஆள் தேக்கு மாதிரி ஒரு மரத்தை வெண்ணெய் வெட்டுவது போல அறுக்கிறார். கூட வந்த அண்ணன், "பெரிசாவே வாங்கிருங்க, சின்னதும் அறுக்கும் பெரிசும் அறுக்கும்" என்றார். விலையும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைச்சல். வாங்கிப்புட்டோம். நாலு பேரில் ஒருத்தியாவது அதைக் கையில் தூக்கிப் பார்த்தோமா? இல்லை. கத்திரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிற ஆட்கள் நாம்!

ஊருக்கு வந்து பெட்ரோல் ஊற்றித் தூக்கியபோதுதான் தெரிந்தது. பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்து ஏழு கிலோவுக்கு மேல். "குடத்துல தண்ணி இதைவிடக் கனம், அதையே தூக்குறோம்" என்று ஒரு மதினி சொன்னாங்க. அந்தக் கணக்குத்தான் தப்பு. குடம் இடுப்பில் உட்கார்ந்துவிடும். பாதிக் கனத்தை எலும்பு வாங்கிக்கொள்ளும். மிஷினை உடம்பை விட்டுத் தள்ளி, இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்க வேண்டும். அதுவும் சும்மா இருக்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். கை ஓய்ந்தால் அதற்குப் பிறகு மிஷின்தான் நம்மைப் பிடித்திருக்கும், நாம் மிஷினை இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் மிஷினின் எடை. பார், செயின், பெட்ரோல் அதில் சேராது. ஆகவே கடையில் எல்லாம் மாட்டி, இரண்டு டேங்கும் நிரப்பித் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்படியே அஞ்சு நிமிஷம் பிடித்து நிற்க வேண்டும். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்த மிஷின் மூலைக்குப் போன பிறகு ஒரு வேலை செய்தோம். அதை நம்ம பதிவேடு எழுதுகிற தங்கச்சிதான் சொன்னாள். "அக்கா, மூணு மாசம் யார் யார் என்ன வேலைக்கு மிஷின் கேட்டு வர்றாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுவோம். வேலையைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் மிஷினைத் தேடுவோம்" என்றாள். அந்த நோட்டைத்தான் இன்றைக்குக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

அதில் அதிகம் இருந்தது விரல் கனத்துக் குச்சி வெட்டுகிற வேலை. திராட்சைப் பந்தல் கவாத்து. அடுத்தது மணிக்கட்டுக் கனம், முழங்கைக் கனம். முருங்கைக் கிளை, மாங்கிளை, வேலியில் ஏறிய வேம்பு, ஓடையோரச் சீமைக்கருவேல். தொடைக் கனத்துக்கு மேல் என்று பார்த்தால் காற்றில் சாய்ந்த தென்னையும் பட்டுப்போன தென்னையும்தான், அதுவும் சில. 22 இஞ்ச் பார் தேவைப்படுகிற மரம் என்று மூன்று மாதத்தில் ஒன்றே ஒன்று. ஒரு பழைய புளியமரம். அதையும் எங்களால் அறுக்க முடியாது, வெளியாள்தான் வந்தார்.

தென்னையின் அடிமரம் பெரும்பாலும் ஓரடிக் கனம். அதற்கு 14 அல்லது 16 இஞ்ச் பார் தாராளம். 30, 32 சிசி வகை சின்ன மிஷின் போதும், எல்லாம் மாட்டினாலும் அஞ்சு கிலோ பக்கம்தான் வரும். நல்ல மிஷினில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்து நடுக்கத்தைக் குறைத்திருப்பார்கள். அதையும் கேளுங்கள். மாதக்கணக்கில் நடுங்குகிற மிஷினைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். பூக்கட்டுகிற, கொடி கட்டுகிற நமக்கு விரல்தான் சொத்து.

இப்போது கவாத்துக்கு வருகிறேன். எனக்கு மனசில் அதிகம் இருக்கிறது இதுதான்.

நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும், எங்காவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும். ஆனால் கவாத்துக்குக் கத்தரி பிடிக்கிற ஆளுக்கு ஒரு கூலி. வெட்டி விழுந்த குச்சியைப் பொறுக்கி, இலை கிள்ளி, கொடி கட்டுகிற நமக்கு வேறு கூலி. ஏன் என்று கேட்டால், "நாள் முழுக்கக் கத்தரி அமுக்க உங்க கைக்கு வலு பத்தாது" என்பார்கள். இருபது வருஷமாகப் பந்தலுக்குக் கீழேயே நிற்கிறோம். எந்தக் கண்ணில் பூ வரும், எந்தக் குச்சி முற்றியது, எது வெறும் தழை என்று நமக்குத் தெரியாதா? தெரியும். பத்தாதது வலு மட்டும்தான்.

பேட்டரியில் ஓடுகிற கவாத்துக் கத்தரி வந்திருக்கிறது. விசையைத் தொட்டால் அதுவே வெட்டும். விரல் கனத்துக்கு மேலும் வெட்டும், 25 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். போட்டிருப்பதில் முக்கால்வாசிதான் தினசரி வேலைக்குக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அளவு வரைக்கும் தினமும் இழுத்தால் அலகு சீக்கிரம் போய்விடும். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எடை. பந்தலுக்குக் கீழே கையைத் தலைக்கு மேல் தூக்கி வெட்டுகிற வேலை என்பதால் நூறு கிராம்கூட சாயங்காலம் தெரியும். பேட்டரி தனியாக இடுப்பிலோ முதுகிலோ மாட்டுகிற வகை வந்தால் அது நமக்கு நல்லது.

எங்கள் குழுவில் மூன்று பேர் இந்தக் கத்தரியோடு போன வருஷம் கவாத்துக்குப் போனோம். முதல் தோட்டத்துக்காரர் பத்துக் கொடியை வெட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். மூன்றாவது தோட்டத்தில் கேட்காமலேயே கத்தரிக் கூலி கொடுத்தார்கள். எந்த மிஷின் வாங்குகிறோம் என்பதில் யாருக்குக் கூலி என்பதும் அடங்கியிருக்கிறது. பெரிய ரம்பத்தை வாங்கினால் அதை ஓட்ட வெளியிலிருந்து ஒரு அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும். வாடகை நமக்கு வரும், கூலி அவருக்குப் போகும். நம் கைக்கு அடங்கும் மிஷின் என்றால் இரண்டும் நமக்கு.

ஆனால் ஒன்று. அந்தக் கத்தரிக்குக் குச்சிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. கைக்கத்தரி என்றால் தோலில் பட்டவுடன் நாம் அமுக்குவதை நிறுத்துவோம். இது நிறுத்தாது. வெட்டாத கை, அலகிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்க வேண்டும். ஒருவர் வெட்டும் கொடியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. இரண்டு பேர் பேசிக்கொண்டே வெட்டுகிற பழக்கத்தையும் விட வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, பெட்ரோலா, பேட்டரியா, கரண்டா?

கரண்டு வயர் இழுத்து ஓட்டும் ரம்பம் விலை குறைவு, சத்தமும் குறைவு. வீட்டுப் பட்டறைக்கு நல்லது. தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக்கு ஆகவே ஆகாது. ஈரத்தில் வயர் கிடக்கும், செயின் வயரிலேயே ஏறும். பட்டறையில் ஓட்டினாலும் கரண்டு கசிந்தால் தானே நிற்கிற சுவிட்சு, 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அது இருக்கிற லைனில்தான் மாட்ட வேண்டும். மெல்லிய நீட்டிப்பு வயரில் பெரிய மிஷினை ஓட்டினால் வயர் சூடாகி உருகும், மிஷினும் இழுக்காது.

பேட்டரி மிஷினில் வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 80. 20 வோல்ட், 2 என்றால் 40. இரண்டு பெட்டியிலும் முன்பக்கம் 20 வோல்ட் என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஓடுகிற நேரம் இரண்டு மடங்கு வித்தியாசம். இன்னொரு விஷயம், ஒரே கம்பெனியின் ஒரே பேட்டரி கத்தரிக்கும், சின்ன ரம்பத்துக்கும், டிரில்லுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பேட்டரிதான் விலை. ஆளுக்கொரு கம்பெனியில் வாங்கினால் அலமாரி முழுக்க சார்ஜர்தான் இருக்கும்.

நாள் முழுக்கத் தென்னை அறுக்க வேண்டும் என்றால் இன்றைக்கும் பெட்ரோல்தான். அதில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு வண்டி மாதிரி தனியாக ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலிலேயே டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்று மிஷின் புத்தகத்தில் போட்டிருக்கும், ஆயிலைப் பொறுத்தும் மாறும். எங்கள் மிஷினை ஒரு நாள் ஒருத்தர் வாடகைக்கு எடுத்துப்போய் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டார். பிஸ்டன் கோடு விழுந்து இறுகிவிட்டது. அன்றிலிருந்து கலந்த பெட்ரோலை நாங்களே கேனில் அளந்து கொடுக்கிறோம். மருந்து மூடி மாதிரி அளவு போட்ட ஒரு மூடி அந்தக் கேனோடு கட்டியிருக்கிறது.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் மிஷினில் பெட்ரோலை அப்படியே விட்டால் கார்புரேட்டர் பாழாகும். வேலை முடிந்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானே அணைகிற வரை ஓட்டிவிட்டு வைக்க வேண்டும். மூலையில் கிடக்கும் நம் மிஷினுக்கு இதைச் செய்யவில்லை. அதுதான் இன்றைக்கு அது கிளம்ப மறுக்கிறது.

ஒரு சின்னக் கதை சொல்லிக்கொள்கிறேன், தப்பா நினைக்காதீங்க. செயின் ரம்பம் என்கிற யோசனை முதலில் வந்தது மரத்துக்காக இல்லையாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு டாக்டர்கள், சங்கிலி மாதிரி வளையும் ஒரு சின்னக் கைரம்பத்தை உண்டாக்கினார்கள். அழுகிய எலும்பை அறுப்பதற்கும், பிரசவத்தில் பிள்ளை வர வழியில்லாமல் சிக்கினால் தாயின் இடுப்பெலும்பு முன்னால் சேரும் இடத்தை அறுத்து வழி உண்டாக்குவதற்கும். மயக்க மருந்து இல்லாத காலம்! இதைக் கேட்டபோது எங்கள் குழுவில் ஒருத்தரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மரம் அறுக்கப் பெட்ரோல் மிஷின் வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். ஜெர்மனியில் ஸ்டீல் என்பவர் 1929இல் கொண்டுவந்த மிஷின் 46 கிலோ. இரண்டு ஆம்பிளைகள் ஆளுக்கொரு முனையில் பிடிக்க வேண்டும். கனத்தைக் குறைக்கிற வேலையில் உலகமே எத்தனையோ வருஷம் உழைத்திருக்கிறது. நாம்தான் கடைக்குப் போய்க் கனமானதைத் தேடி வாங்கி வந்தோம்.

செயின் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்கிற மரவெட்டி 1946இல் ஒரு மரத்தூரில் வண்டுப் புழு ஒன்று கட்டையைக் குடைந்துகொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டியது. அதைப் பார்த்துத்தான் இன்றைய செயினுக்கு இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி வைத்தார். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் தண்டு துளைக்கும் புழுவைத் திட்டாத நாள் இருக்காது. அந்த மாதிரிப் புழுதான் அவருக்கு வாத்தியார்.

அந்தப் பல் மழுங்கினால் மிஷின் எத்தனை சிசி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அறுக்கும்போது சீவல் சீவலாக வந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரித் தூள் வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அமுக்கி அமுக்கி அறுப்போம், அப்போதுதான் கை வழுக்கும், மிஷின் சூடேறும். தென்னையின் வெளிப்பக்கம் ரொம்பக் கெட்டி, அதில் மணல் சத்தே இருக்கிறது, பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். தரையில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது நுனி ஒரு தடவை மண்ணைத் தொட்டாலே போதும், கூர் போச்சு. அடியில் ஒரு கட்டையை வைத்துத் தூக்கிக்கொண்டு அறுக்க வேண்டும்.

அரம் போடுவதை நம்மில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளணும். அரிவாளுக்குச் சாணை பிடிக்கத் தெரிந்த ஆட்கள் நாம், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உருண்டை அரம், அளவு மாறக் கூடாது. சின்ன மிஷின் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர், அந்த 58 சிசி வகைக்கு 4.8. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், ஒரே சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். இடப்பக்கம் அஞ்சு தேய்ப்பு, வலப்பக்கம் மூணு தேய்ப்பு என்றால் மரம் வளைந்து அறுபடும். செயினுக்குத் தனி ஆயில் டேங்க் உண்டு, பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதையும் நிரப்ப வேண்டும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் தூள் இருக்கும், அது சிதறி நம் தோலிலும் படும்.

இனி என் கை.

இதோ, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இந்தத் தழும்பு. பெரிய மிஷின் தோற்ற ரோஷத்தில், ஆறு இஞ்ச் பார் உள்ள குட்டி பேட்டரி ரம்பம் ஒன்றை நானே தனியாக ஆன்லைனில் வாங்கினேன். பொம்மை மாதிரி இருந்தது. ஒரு கையால் பிடிக்கலாம். ஆண்டிபட்டி பக்கம் சின்னம்மா தோட்டத்தில் முருங்கை கவாத்து. இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்தேன். முருங்கை மெத்து மரம்தானே என்ற தைரியம். மூணாவது மரத்தில், பாரின் நுனி பின்னாலிருந்த இன்னொரு கொம்பைத் தொட்டது. அவ்வளவுதான். மிஷின் என் பக்கமாகத் துள்ளி மேலே வந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை எனக்கு. ஒன்பது தையல். இரண்டு மாதம் கொடி கட்ட முடியவில்லை. வீட்டுக்காரர் குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிற கூலியில் சோறு ஓடியது. இரண்டு தவணையைக் குழுவில்தான் கட்டினார்கள். அவர்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பாரின் நுனியில் மேல் கால்பாகம் இருக்கிறதே, அது எதைத் தொட்டாலும் மிஷின் நம் முகத்துக்குத் திரும்பும். அது நடந்து முடிகிற நேரம் நாம் யோசிக்கிற நேரத்தைவிடக் குறைவு. அதனால்தான் பெரிய ரம்பங்களில் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். மிஷின் துள்ளினால் கையில் பட்டோ அந்த வேகத்திலேயோ தடுப்பு சாய்ந்து செயினை நிறுத்திவிடும். அதுதான் செயின் பிரேக். என் குட்டி மிஷினில் அது இல்லை. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, "பிரேக் எங்க? போட்டுக் காட்டுங்க" என்பதுதான். காட்டத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். செயின் ரம்பம் எவ்வளவு குட்டியாக இருந்தாலும் இரண்டு கைக்குத்தான். இரண்டு கையும் மிஷினில் இருந்தால் அறுபட ஒரு கை வெளியே இருக்காது.

உடுப்பைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். சேலையோடு வயலில் எல்லா வேலையும் செய்கிறோம். ஓடுகிற மிஷினோடு மட்டும் வேண்டாம். முந்தானை, துப்பட்டா, தொங்குகிற தாலிச்சரடு, அவிழ்ந்த பின்னல், கண்ணாடி வளையல் எதுவும் ஆகாது. நாங்கள் நைட்டிக்கு மேல் சட்டை போட்டுப் பார்த்தோம், அதுவும் உதவாது, அடிப்பக்கம் முள்ளில் மாட்டும். பேன்ட், முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ. சரடைச் சட்டைக்குள்ளே போட்டு, முடியைக் கொண்டை போட்டு மேலே துண்டு கட்டிக்கொள்ளலாம். முதல் நாள் ஊரில் சிரித்தார்கள். இரண்டாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சீமைக்கருவேல் வெட்டும்போது முள் ரப்பர் செருப்பைத் துளைத்து வந்துவிடும், அதற்குக் கெட்டி ஷூ இல்லாமல் போகாதீர்கள். செயின் ரம்பத்துக்கென்றே ஒரு கால்சட்டை கிடைக்கிறது. உள்ளே நீள நீளமான நூல் அடுக்கு வைத்திருப்பார்கள். செயின் பட்டால் நூல் உருவிக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். விலை ஜாஸ்திதான். கூட்டமைப்பு வாங்கினால் மிஷினோடு சேர்த்து வாடகைக்குப் போகட்டும் என்பது என் கருத்து. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல். 85க்கு மேல் நாள்பூராவும் கேட்டாலே காது போகும்.

பந்தல் வேலைக்குக் கம்பி வெட்ட, இரும்பு வெட்ட நாலு இஞ்ச் கட்டிங் மிஷின் எல்லாரும் கேட்கிறார்கள். இது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்றுதான். தகட்டுச் சக்கரத்தில் நடுவில் மாதம், வருஷம் போட்டிருக்கும், அது காலாவதித் தேதி. மாத்திரை மாதிரியே அதற்கும் உண்டு, தாண்டினால் ஓடும்போது உடைந்து தெறிக்கும். சக்கரத்தில் போட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மிஷினில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கணும். பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது, நம் மிஷினில் கூடாது. மரம் அறுக்கும் பல் தகட்டை இதில் மாட்டுகிறவர்களுக்கு வாடகைக்கே கொடுக்காதீர்கள்.

இனி வாடகை விஷயம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வந்ததே, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. அரசாங்கம் ஒரு தென்னைக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. கவனியுங்கள். மரம் போனதற்கு 600 என்றால், போன மரத்தை அகற்ற 500. விழுந்த மரத்தை அறுத்து எடுப்பது அவ்வளவு பெரிய செலவு. நம் பக்கம் அந்த மாதிரி வரக் கூடாது, ஆனால் ஆடிக் காற்றில் வாழைக்கும் தென்னைக்கும் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் ஊருக்குள் ஒரு நல்ல மிஷின், கூர் தீட்டிய இரண்டு செயினோடு தயாராக இருந்தால் அது வருமானம் மட்டும் இல்லை.

ஆனால் நாம் எடுக்கக் கூடாத வேலைகளும் உண்டு. மின்கம்பியைத் தொடுகிற மரம், மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தாமல் ஒரு கிளையும் தொடக் கூடாது. மரத்தில் ஏறி நின்று அறுப்பது வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வில் மாதிரி வளைந்து நிற்கும் மரம், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாது, பழகின ஆள் வரட்டும். வாழையை ரம்பத்தால் அறுக்கப் போகாதீர்கள், நார் செயினைச் சுற்றிக்கொள்ளும். நம் அரிவாளே போதும். மலைப்பகுதிக் கிராமங்களில் 1955ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் வரும் ஊரில் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும். வாடகைச் சீட்டில் "அனுமதி வாங்கியாச்சா" என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால் நமக்குப் பிரச்சினை வராது.

மானியம் பற்றிக் கேட்பீர்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15இலிருந்து நடக்கிறது. பட்டியலில் உள்ள கருவிகளுக்குப் பெண் விவசாயிகளுக்கு 50 சதம் வரை. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். எந்த மிஷின் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், கடைக்குப் போய்விட்டுக் கேட்காதீர்கள். நிலம் யார் பேரில் என்றும் கேட்பார்கள். இங்கே இருக்கும் எத்தனை பேருக்குப் பட்டா தன் பேரில் இருக்கிறது? கையைத் தூக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

விலை குறைவான மிஷினில் நாங்கள் பட்டது இதுதான்: ஒரு சின்ன ரப்பர் குழாய்க்காகத் தேனி, மதுரை என்று அலைந்தோம், கடைசிவரை கிடைக்கவில்லை. கடையில் மிஷினுக்கு விலை கேட்கும்போதே செயின், பார், பிளக், கார்புரேட்டர் இது நாலுக்கும் விலை கேளுங்கள். "வரவழைச்சுத் தர்றேன்" என்றால் வேறு கடை பாருங்கள். அதே மிஷினை வைத்திருக்கும் ஒருவரைக் கம்பத்திலோ சின்னமனூரிலோ தேடிப் பிடித்து, யாரிடம் ரிப்பேர் பார்க்கிறீர்கள் என்று விசாரியுங்கள். நாங்கள் இப்போது கத்தரி வாடகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாகத் தேய்மானம் என்று எழுதி எடுத்துவைக்கிறோம். முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். போன மாதம் ஒரு அலகு உடைந்தபோது புது அலகு அந்தக் காசிலேயே வந்தது, யாரிடமும் போய் நிற்கவில்லை.

தீர்மானத்துக்கு நான் கொடுத்திருக்கும் கருத்து இது: ஆறு பேட்டரிக் கத்தரி, ஒரே பேட்டரி பொருந்துகிற நீளக் கழி ரம்பம் ஒன்று, 14 இஞ்ச் பெட்ரோல் ரம்பம் ஒன்று, இரண்டு ஆளுக்கு முழு உடுப்பு. புல் வெட்டும் மிஷின் இந்த வருஷம் வேண்டாம், அது அரசு வாடகையிலும் பக்கத்து ஊரிலும் கிடைக்கிறது. பெரிய மரத்துக்குப் பழகின ஆளைக் கூப்பிடுவோம். இதில் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு இரண்டு ரம்பம் வைத்திருக்கிறோம். ஒன்று நம் மூலை மிஷின், சாக்கை எடுத்துத் துடைத்துவைத்திருக்கிறது. இன்னொன்று கம்பத்தில் ஒரு கடையில் பார்க்கக் கேட்டு வாங்கி வந்தது. இரண்டிலும் பெட்ரோல் இல்லை, அதே கனத்துக்குத் தண்ணீர்ப் பாக்கெட் கட்டியிருக்கிறோம், செயினுக்கு உறை போட்டிருக்கிறோம், பயப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் இரண்டையும் கையை நீட்டித் தூக்கி அஞ்சு நிமிஷம் நில்லுங்கள். கடிகாரம் பார்க்க அந்தத் தங்கச்சி நோட்டோடு நிற்கிறாள். எத்தனை நிமிஷம் பிடித்தீர்கள் என்று பேருக்கு நேரே எழுதிவிடுவாள். மூட்டுவலிக்காரர்கள் மட்டும் வேண்டாம்.